ஆறாம் நம்பர் டோக்கன்

அடுத்த காண்ட்ராக்டில் ஐந்து பேருக்குத்தான் இடம் என்று சூப்பர்வைசர் சொன்னது ஒரு புதன்கிழமை காலை. நாங்கள் ஆறு பேர். நெய்வேலி நகரியத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டிப் பெருக்கிக் கழுவிவிடும் வேலை. அவர் கெட்டவர் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே, மாடிப்படிக்கு அடியில் துடைப்பமும் பக்கெட்டும் வைக்கிற எங்கள் அறை வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“யார நிறுத்தறதுன்னு என்னால சொல்ல முடியாதுமா. நான் ஒரு பேரச் சொன்னா அந்த வூட்டு சாபம் எனக்கு. நீங்களே குலுக்கிப் போட்டு எடுத்துக்குங்க. திங்கக்கெழம வர்றேன்.”

“எதுல குலுக்கறது சார்?” என்று கேட்டவள் நான்தான். எதையும் கடைசி வரை கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

“அதான் தெனம் ஒரு டப்பாவ வச்சிக்கினு குலுக்கறீங்களே, அதுலயே குலுக்குங்க. ஆறாம் நம்பர் யாருக்கு வருதோ அவங்க. முடிஞ்சிது.”

அவருக்கு முடிந்தது. எனக்கு அன்றிலிருந்து தொடங்கியது.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஆறு இடம். ஒன்று ஆபீஸ். இரண்டு ஸ்டாஃப் ரூமும் லேபும். மூன்று கீழ் வகுப்புகள். நான்கு மாடி வகுப்புகள். ஐந்து வராந்தாவும் மைதானமும். ஆறு கழிப்பறைகள். முதல் ஐந்துக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆறு என்றால் அன்றைய நாள் போய்விட்டது. ஆசிட் ஊற்றித் தேய்க்க வேண்டும். கால் விரல் இடுக்கு வெந்துபோகும். எனக்கு அந்த நெடியில் மூச்சு இழுக்கும். இழுக்காத நாளிலும் இழுக்குமோ என்று பயந்தே இழுக்க வைத்துவிடுவேன். ஆரம்பத்தில் முறை வைத்துக்கொண்டோம். ஒருத்தி லீவு போட்டாள், முறை குழம்பியது, துடைப்பக்கட்டை வரைக்கும் சண்டை போனது. அதற்குப் பிறகுதான் டோக்கன் வந்தது.

எங்களில் மூத்த அக்காவின் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர். தேய்ந்துபோன பெல்ட் துண்டு இந்தப் பக்கத்தில் பாதி வீட்டு வாசலில் மிதியடியாகக் கிடக்கும். அவர் வீட்டு வாசலில் கிடந்ததிலிருந்து ஆறு வட்டம் வெட்டி, வெள்ளை பெயின்டால் ஒன்று முதல் ஆறு வரை எழுதிக் கொடுத்தார். ஒரு பழைய பால் பவுடர் டப்பா. வந்த வரிசையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை உள்ளே விட்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதுதான் சட்டம். அதற்குப் பிறகு சண்டையே இல்லை. டோக்கனோடு யார் சண்டை போடுவது?

முதலில் எடுப்பவள் எப்போதும் நான். ஆறரைக்கு வேலை என்றால் ஆறுக்கே வந்து நிற்பேன். சைக்கிள் பஞ்சரானால் என்ன செய்வது, ரயில்வே கேட் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஐந்து நிமிஷம் சேர்த்துச் சேர்த்துக் கிளம்பினால் அப்படித்தான் ஆகும். டப்பாவுக்குள் கையை விட்டால் சட்டென்று எடுக்கவும் வராது. கிளறுவேன். ஒன்றை எடுப்பேன், விடுவேன், வேறொன்றைத் தொடுவேன்.

“ஏய், டப்பாவுல மீன் புடிக்கிறியா? எடுடி சீக்கிரம், மணி அடிச்சிடப் போறான்” என்பாள் மூத்த அக்கா.

கடைசியில் எடுப்பவள் எப்போதும் மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். எடுப்பது என்றுகூடச் சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்தபோது நெய்வேலிக்குப் பக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தவள். கல்யாணமாகி அந்தப் பக்கம் போனாள். வேலையை விட மனசில்லை. விடியும் முன்னே பஸ் ஏறி, பண்ருட்டியில் மாறி, இங்கே வந்து இறங்க எப்படியும் ஏழாகும். அதற்குள் நாங்கள் ஐந்து பேரும் எடுத்து முடித்து வேலைக்குப் போயிருப்போம். டப்பா ஜன்னலில் இருக்கும். உள்ளே மிச்சம் இருப்பது அவளுடையது.

அவள் வந்து டப்பாவைக் காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டுவாள். பிறகு மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பாள். ஆறு கிடந்தால் அதனிடமே பேசுவாள்.

“இன்னைக்கும் நீதானா? வா ராசா, போலாம்.”

அவள் அப்படிச் சொல்வது வராந்தா வரைக்கும் கேட்கும். நாங்கள் சிரிப்போம். “ஒனக்குப் பொறந்த நேரம் அப்படிடி” என்பாள் மூத்த அக்கா. அவளும், “எங்க மாமியாரும் அதத்தான் சொல்லுது. நான் வந்த வருஷம் கரும்புல தீப்புடிச்சிது, கன்னுக்குட்டி செத்துது, எல்லாத்துக்கும் நான்தான். ராசி கெட்டவளாம்” என்று சொல்லிக்கொண்டே ஆசிட் கேனைத் தூக்கிக்கொண்டு போவாள். வேடிக்கையாகத்தான் சொல்வாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. எனக்கு மட்டும்தான் ஆறு அடிக்கடி வருகிறது என்று ஒரு காலத்தில் மனசில் உழன்றுகொண்டிருந்தேன். ஆறு வந்த நாள் இரண்டு நாளைக்கு நினைவில் நிற்கும். வராத நாளை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? ஒருநாள் நிரூபித்துவிட வேண்டும் என்று கட்டம் போட்டேன். ஆறு பேருக்கு ஆறு கட்டம். ஆறு பேரும் வந்த நாளில், ஆறாம் நம்பர் யாருக்குப் போனதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. ஒருத்தி லீவு என்றால் அன்றைக்குக் கோடு கிடையாது. போட்டுக்கொண்டே வந்தேனே தவிர, கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டிப் பார்த்து, நான் பயந்தது சரி என்று ஆகிவிட்டால்?

சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போன மறுநாள் எனக்கு ஐந்தாம் நம்பர், வராந்தா. ஒன்பதாம் வகுப்பு மூன்று செக்ஷனும் அந்த வரிசையில்தான். கணக்கு மிஸ் மூன்று செக்ஷனுக்கும் அன்றைக்கு ஒரே பாடம் எடுத்தார். நானும் மூன்று தடவை கேட்டேன்.

“இந்தக் காசச் சுண்டினா தலை விழ என்ன வாய்ப்பு?”

“பாதி மிஸ்!”

“எப்படிச் சொல்றீங்க? சுண்டவே இல்லையே?”

ரெண்டு பக்கம்தானே இருக்கிறது, ரெண்டும் ஒரே மாதிரிதானே என்று ஒரு பெண் சொன்னாள். அதுதான் சரி என்றார் மிஸ். சுண்டாமலே, யோசித்துச் சொல்வது ஒரு வகை. சுண்டிப் பார்த்து, எண்ணிச் சொல்வது இன்னொரு வகை. அதற்குப் பலகையில் பட்டறி நிகழ்தகவு என்று எழுதினார். பட்டு அறிவது. அந்தச் சொல்லைப் பார்த்தபடி துடைப்பத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவள். அந்தப் பாடம் புத்தகத்தில் கடைசிப் பக்கம் இருந்தது. அதுவரைக்கும் நான் போகவில்லை.

பிறகு எல்லாப் பிள்ளைகளும் காசு சுண்டினார்கள். ஒரு காசு உருண்டு வராந்தாவுக்கு வந்து என் காலடியில் விழுந்தது.

“ஆயாம்மா, தலையா பூவா?” என்று உள்ளேயிருந்து ஒருத்தன் கத்தினான். எனக்கு நாற்பது வயது. இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஆயாம்மா ஆகிவிட்டேன்.

“தலதாம்பா.”

“எழுதிக்கடா, எழுதிக்கடா!”

அவனுக்குப் பத்துக்கு எட்டு தலை. காசுக்கே தன்னைப் பிடித்துப்போனது மாதிரி குதித்தான். பத்து தடவை பத்தாது என்று மிஸ் எல்லாருடையதையும் பலகையில் சேர்த்து எழுதினார். நாற்பது பேர், ஆளுக்குப் பத்து. நானூறு தடவை சுண்டியதில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று தலை. “பாத்தீங்களா? கொஞ்சமா போட்டா எப்படி வேணா ஆடும். நெறைய போடப் போட, யோசிச்சுச் சொன்னதுக்குக் கிட்ட வந்துரும்” என்றார். கடைசி செக்ஷனில் ஒரு பகடையைக் காட்டி, ஆறு முகத்தில் ஒன்று விழ ஆறில் ஒன்று என்றார்.

ஆறில் ஒன்று. எங்கள் டப்பாவிலும் ஆறில் ஒன்றுதான்.

மத்தியான மணி அடித்ததும் நோட்டை எடுத்தேன். விரல் விட்டு எண்ணினேன். மொத்தம் நூற்றிருபது நாள். மூத்த அக்காவுக்குப் பதினொன்று. மற்ற மூன்று பேருக்கும் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. எனக்கு ஆறு. ஆறாம் நம்பர் எனக்கு வந்தது ஆறே ஆறு தடவை.

மேல்பட்டாம்பாக்கத்துப் பெண்ணுக்கு அறுபத்தொன்று.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. திங்கட்கிழமை எனக்கு வராது. இத்தனை மாசம் எனக்குத்தான், எனக்குத்தான் என்று வெந்துகொண்டிருந்தவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. சோற்று டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டேன். மூன்றாவது வாய் இறங்கவில்லை.

மிஸ் ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். மேசை துடைக்கிற சாக்கில் போனேன்.

“மிஸ், ஒண்ணு கேக்கலாமா? அந்த ஆறுல ஒண்ணு. நூத்தி இருவது தடவ போட்டா எத்தினி வரணும்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இருபது வரணும்க்கா. ஏன், கேட்டுட்டு இருந்தீங்களா?”

“தொடப்பத்துக்குக் காது இருக்குதுங்களே மிஸ்” என்றேன். சிரித்தார். “இருவது வரலன்னா?”

“இருபதேதான் வரணும்னு இல்ல. பதினஞ்சு வரலாம், இருபத்தஞ்சு வரலாம்.”

“அறுவத்தொண்ணு?”

அவர் பேனாவை மூடினார். “அறுபத்தொண்ணா? வராது.”

“நேரம் சரியில்லன்னா கூடவா?”

“நேரமெல்லாம் இல்லக்கா. அறுபத்தொண்ணு வந்தா பகடையத்தான் பாக்கணும். எங்கயாச்சும் ஒரு பக்கம் தேஞ்சிருக்கும். இல்ல, போடுறவங்க கையப் பாக்கணும்.”

கையை. நான் என் கையை இடுப்பில் செருகியிருந்த துணிக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன்.

அறைக்குப் போனேன். யாரும் இல்லை. காலையில் பயன்படுத்திய டோக்கன்கள் எல்லாம் டப்பாவுக்குத் திரும்பியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். நான் தினமும் செய்வதைத்தான் செய்தேன். ஒன்றைத் தொட்டேன், விட்டேன். இன்னொன்று. விட்டேன். ஒன்று மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஆறு. திரும்பப் போட்டுக் குலுக்கினேன். மறுபடி தேடினேன். ஆறு. மூன்றாம் தடவையும் ஆறு.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது புரிந்தது. பெல்ட்டுக்கு நடுவில் துணி அடுக்கு வைத்து இறுக்கியிருப்பார்கள். ஓரத்தில் வெறும் ரப்பர்தான். ஐந்து வட்டத்தை நடுவிலிருந்து வெட்டிய மனுஷன், துண்டு பத்தாமல் ஆறாவதை ஓரத்தில் வெட்டியிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. அழுத்தினால் ஐந்தும் வளையாது, அது ஒன்று வளையும். அவ்வளவுதான். அந்த அவ்வளவை எங்கள் ஐந்து பேர் விரலும் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. நான் கிளறியதெல்லாம் பயத்தில் என்று நினைத்திருந்தேன். பயத்தில்தான். ஆனால் விரல் சும்மா கிளறவில்லை. ஐந்து பேரும் தொட்டுத் தொட்டு ஒதுக்கிவைத்ததை, டப்பாவோடு ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறோம், பஸ்ஸில் வருகிறவளுக்கு.

திங்கட்கிழமையும் அதே டப்பா.

வெள்ளி, சனி எப்படிப் போனது என்று தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் டப்பாவுக்குள் கையை விட்டதும் கைக்கு முதலில் வந்ததை எடுத்தேன். வெள்ளிக்கிழமை மூன்று, சனிக்கிழமை நான்கு. ஆறு அவளுக்கே போனது. “வா ராசா” என்று அவள் சொன்னது மாடியில் இருந்த எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரும் காண்ட்ராக்ட்தான், சுரங்கத்தில். பூட்ஸைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

“மூணு நாளா பேயறஞ்ச மாதிரி இருக்கியே, இன்னா?”

சொன்னேன். எல்லாவற்றையும். கேட்டுவிட்டு மற்ற காலையும் கட்டி முடித்தார்.

“நீ வாயத் தொறந்தீன்னா டப்பாவ மாத்துவாங்க. மாத்தினா?”

“எல்லாருக்கும் ஆறுல ஒண்ணு.”

“ஒனக்கும்தான? இப்ப ஒனக்கு வராதுன்னு ஒனக்கே தெரியும். தெரிஞ்சிகினே போய் தலையக் குடுப்பியா?”

“அந்தப் பொண்ணுக்குத்தான் வரும்னும் தெரியுமே.”

அவர் வண்டிச் சாவியைத் தேடினார். “எம் பேருல இருக்கற சுரங்க கேட்பாஸ் இந்த மாசத்தோட முடியுது, மறுபடி குடுப்பாங்களான்னு தெரியாது. அத மட்டும் ஞாபகம் வச்சிக்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் எனக்கு அலுப்பாக இருந்தது. தப்பு இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கே போய் நின்றேன். மற்ற நான்கு பேரும் வரும்வரை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, சொல்வதா வேண்டாமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்ததும், எண்ணி முடிப்பதற்கு முன்னாலேயே வாய் சொல்லிவிட்டது.

“பெரிய கணக்கு டீச்சர் ஆயிட்டா இவ” என்றாள் ஒருத்தி.

மூத்த அக்காவுக்கு முகம் சிவந்தது. “எங்க வூட்டுக்காரரு வெட்டிக் குடுத்ததுல குத்தம் சொல்றியா நீ? நாலு வருஷமா அதுல எடுத்துத்தானடி சண்ட இல்லாம இருக்கோம்?”

“குத்தம் சொல்லலக்கா. கண்ண மூடிக்கினு எடுத்துக் காட்டட்டுமா?”

முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டேன். கையை விட்டேன். எடுத்து நீட்டினேன். ஆறு. இன்னொரு தடவை எடுக்கப் போனேன். அப்போது எங்களில் அதிகம் பேசாத ஒருத்தி, தரையைப் பார்த்தபடி, “அது கொஞ்சம் மெத்துனு இருக்கும்” என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, என்ன சொன்னோம் என்று. மூத்த அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். வெளியே பள்ளி வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது.

“சரி. காயிதத்துல எழுது” என்றாள் மூத்த அக்கா கடைசியில். “ஆனா அவ கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. ஊரக் கூட்டிடுவா. சூப்பர்வைசர் வேற வர்றாரு.”

நானும் சரி என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அவளுக்கு நடந்தது எல்லாமே அவள் வருவதற்கு முன்னால் நடந்தது. இதுவும் அப்படியே நடந்தது.

நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, ஸ்கேல் வைத்து ஆறு சமமாக வெட்டினேன். ஒன்றில் பெருக்கல் குறி. ஒவ்வொன்றையும் நான்கு மடிப்பு மடித்து, எல்லா மடிப்பையும் நகத்தால் ஒரே மாதிரி தேய்த்தேன். குறி போட்ட தாள் எது என்று எனக்கே தெரியாத மாதிரி இரண்டு கையாலும் கலைத்து வைத்தேன். சூப்பர்வைசர் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி அதையே நீட்டினார். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண்ணும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். டப்பா இல்லாததைப் பார்த்து, “இன்னா, ராசாவுக்கு லீவா?” என்றாள்.

“டோக்கன் தேஞ்சிபோச்சி” என்றாள் மூத்த அக்கா.

“மொதல்ல அது எடுக்கட்டும்” என்றேன் நான். “தெனம் மிச்சத்தையே எடுக்குது. இன்னைக்கு மொதல்ல எடுக்கட்டும்.”

“அட, எனக்கு இவ்ளோ மரியாதையா!” கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஹெல்மெட்டுக்குள் கை விட்டு, கிளறாமல், தேடாமல், மேலாக இருந்ததை எடுத்தாள். பிரித்தாள்.

பெருக்கல் குறி.

அதை அவள் எங்களுக்குத் திருப்பிக் காட்டினாள். சிரித்துக்கொண்டேதான் காட்டினாள். “இன்னைக்கும் நீதானா” என்றாள், சத்தம் வராமல்.

மற்றவர்கள் எடுக்க வேண்டியதில்லை என்று சூப்பர்வைசர் ஹெல்மெட்டைக் கவிழ்த்தார். மீதி ஐந்து தாளும் தரையில் விழுந்தன. மாசக் கடைசி வரைக்கும் வேலைக்கு வரலாம், இன்னும் பதினோரு நாள் இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் குனிந்து ஐந்தையும் பிரித்துப் பார்த்தேன். ஐந்தும் வெறும் தாள். எங்கேயாவது ஒரு தப்பு இருக்கக் கூடாதா என்று தேடினேன். இல்லை. சரியாகத்தான் வெட்டியிருந்தேன்.

முதலில் எடு என்று சொன்னது நான்.

மத்தியானம் மிஸ்ஸிடம் மறுபடி போனேன். முதலில் எடுத்தால் அதிகமா, கடைசியில் எடுத்தால் அதிகமா என்று கேட்டேன். எந்த வரிசையில் எடுத்தாலும் ஆறில் ஒன்றுதான் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். பின்னம் பின்னமாக வந்தது. புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் படுத்தாலும் உட்கார்ந்தாலும், கடைசியில் எடு என்று சொல்லியிருந்தால் என்ற நினைப்பு ஓயவில்லை. அது இன்றைக்கும் ஓயவில்லை. பின்னம் ஒரு பக்கம் இருக்கிறது, நினைப்பு ஒரு பக்கம் இருக்கிறது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளோடு போய் நின்றேன். என் வீடு அந்தப் பக்கம் இல்லை. அவள் கேட்டாள்.

“இன்னா யக்கா, என்னிய வழியனுப்பவா? இன்னும் பதினோரு நாளு இருக்குது.”

நோட்டைப் பிரித்துக் காட்டினேன். கட்டத்தைச் சொன்னேன். பெல்ட்டின் ஓரத்தைச் சொன்னேன். அறுபத்தொன்றைச் சொன்னேன். அவள் கோடுகளை விரல் வைத்து எண்ணினாள். அஞ்சு அஞ்சாகக் கட்டியிருந்ததை நம்பாமல் ஒவ்வொன்றாக எண்ணினாள். நடுவில் பண்ருட்டி பஸ் ஒன்று வந்தது. ஏறவில்லை.

“எல்லாருக்கும் தெரியுமா?”

“வாயால யாரும் சொன்னதில்ல. வெரலுக்குத் தெரிஞ்சிருக்குது.”

“ஒனக்கு?”

“எனக்குந்தான். அதான் எனக்கு ஆறே தடவ.”

அவள் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெந்து உரிந்திருந்தது. “இதுக்கு மஞ்ச வச்சிக்கினு நான் சாமிய திட்டினேன் யக்கா. நீங்க என்னான்னா…” செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. ஸ்டாப்பில் இருந்த காலேஜ் பெண்கள் எங்களைப் பார்த்தார்கள்.

பிறகு அவள் கேட்டாள். “அப்ப இன்னைக்கு வந்தது?”

“இன்னைக்கு வந்தது சரியா வந்தது. ஆறுல ஒண்ணு. யாருக்கு வேணா வந்திருக்கும்.”

“அதுவும் எனக்கே வரணுமா?”

“ஒரு தடவ போட்டா எதுவும் சொல்ல முடியாதாம். கணக்கு மிஸ் சொன்னாங்க.”

“நல்ல மிஸ்ஸு” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “ஒருதடவ போட்டா சொல்ல முடியாது. நூத்தி இருவது தடவ போட்டா?”

“சொல்லலாம். அது ராசி இல்ல. ரப்பரு.”

அவள் அந்த வார்த்தையை மட்டும் இரண்டு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த பஸ் வருவது தெரிந்தது. “இந்தத் தாள எனக்குக் குடுப்பியா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கிழித்து, மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். “எங்க மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. கோடு எண்ணத் தெரியும்.”

அவள் மீதி நாட்களுக்கு வேலைக்கு வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்தோம், வந்தாள். அந்த டோக்கன்களை மூத்த அக்கா எங்கே போட்டாள் என்று நான் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து காகிதம்தான், தினமும் புதிதாக வெட்டி, அவள் வரும்வரை யாரும் எடுக்காமல் காத்திருந்து. வேலை அரை மணி தள்ளிப்போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எங்களோடு பேசினாள், சிரிக்கவில்லை. காகிதத்தைப் பிரிக்கும்போது ராசாவைக் கூப்பிடவும் இல்லை.

கடைசி நாள் சாயங்காலம் பக்கெட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் சுவரைக் காட்டினாள். சுண்ணாம்பில் நகத்தால் கீறிய கோடுகள். நாள் பதினொன்று. அதில் சுழித்தவை இரண்டு.

“பதினோரு நாளுல ரெண்டு தடவ ஆறு” என்றாள். “சரியா இருக்குதா யக்கா?”

விரல் விட்டுப் பார்த்தேன். பதினொன்றை ஆறால் வகுத்தால் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

“சரியா இருக்குது” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சோற்று டப்பாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போனாள்.